ஜப்பானியரது உலோகப் பதிப்பு வேலை

உலோகங்களுள் உயர்ந்தது பொன் என்பதும், பொன்னிற்குச் சிறப்பு அதன் ஒளியே என்பதும் யாவரும் ஒப்பிய உண்மைகள். ஆகலின் அணிகலன் செய்வோன் பொன்னைக் காண்போர் கண்ணிற்படுமாறு வைப்பானேயன்றி மறைத்து வைப்பானல்லன். ஆயினும், பொன்னைச் செம்போடு சேர்த்து உருக்கி, அதன் மஞ்சள் நிறம் சிறிதும் புலனாகாவண்ணம் உள்ளடக்கி, அதனாலே காக்கைச் சிறகையொத்த நீலங்கலந்த கருமையைத் தோற்றுவித்து, அக்கருமையையே பெருஞ்செல்வமாகப் போற்றிய மக்களும் உலகில் உளர். அவர் ஜப்பானியர். வெண்கலத்தினும் இரும்பினும் பொன், வெள்ளி, செம்பு முதலியவற்றைப் பதித்து அவர் இயற்றிய சிறு பொருள்களும் பெரும் பொருள்களும் இன்று உலகத்துப் பெரிய அரும்பொருட்காட்சிச்சாலைகள் பலவற்றில் இடம் பெற்றுள்ளன. அக்கலை எவ்வாறு வளர்ந்தது, எம்முறைகளால் இயன்றது, 1876ஆம் ஆண்டில் ஒரே கட்டளையால் அது தன் நிலைக்களனை இழந்தகாலை அதனைக் கையாண்டோர் யாது செய்தனர் என்பவற்றை இக்கட்டுரையில் சுருங்கக் கூறுவாம்.

தொன்மை

ஜப்பான் நாட்டிற்கு உலோகத் தொழில் கொரியாவினின்றும் சீனத்தினின்றும் சென்றது. பௌத்த சமயம் அந்நாட்டிற் பரவிய பின்னர்ப் படிமம், மணி, தூபக்கலம், விளக்கு ஆகியவற்றை வார்க்கும் தொழில் பெரிதும் ஓங்கியது. நாரா நகரத்தில் கி. பி. 752ஆம் ஆண்டிற் கண் திறக்கப்பெற்ற பெரும் புத்தர் படிமம் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ளது. அத்துணைப் பெரிய வெண்கல உருவத்தை அடுக்கடுக்காக வார்த்தமைத்த மக்கள், வார்ப்புக் கலையில் எத்துணைத் தேர்ச்சி பெற்றிருந்தனர் என்பது சொல்லாமலே விளங்கும்.

பதிப்பு வேலையோ அதனினும் பழைமையானது. தோக்கியோவிற்கு வடமேற்கேயுள்ள சைத்தாமா நாட்டில், இனாரியாமா என்னும் பழைய புதைமேட்டினின்று 1968ஆம் ஆண்டில் ஓர் இரும்பு வாள் எடுக்கப்பட்டது. துருப்பிடித்துக் கிடந்த அவ்வாளினைப் பத்தாண்டு கழித்துப் பாதுகாத்தற் பொருட்டு எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தகாலை, துருவின் கீழே பொன்னாற் பதித்த 115 எழுத்துக்கள் இருத்தல் வெளியாயிற்று. அவ்வெழுத்துக்கள் குறிக்கும் ஆண்டு கி. பி. 471 என்று அறிஞர் பெரும்பாலோர் கொள்வர். இரும்பு முழுதும் துருவேறிய பின்னரும், அதனுட் பதித்த பொன் சிறிதும் மாறாது ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்தும் தன் செய்தியைச் சொல்லிற்று. பதிப்பு வேலையின் பயன் யாதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மேலும், இக்கலை தொடக்கந்தொட்டே வாளோடு பிணைந்தது என்பதனையும் இதனால் அறிகின்றோம். அப்பிணைப்பே பிற்காலத்தில் அதற்கு ஆக்கமும் ஆயிற்று, இடரும் ஆயிற்று.

வாளும் அதன் உறுப்பணிகளும்

ஜப்பானிய வீரனது வாளில் அலகு ஒருவன் செய்வது. அதன் அணிகள் வேறொருவன் செய்வன. அணிகளுள் முதன்மையானது ட்சுபா எனப்படும் காப்பு வட்டு. கைப்பிடிக்கும் அலகிற்கும் இடையே நின்று கையைக் காப்பது அது. உள்ளங்கையில் அடங்கும் அளவினது. கைப்பிடியின் இரு புறத்தும் கயிற்றுச் சுற்றின் கீழ் அமையும் இரட்டைச் சிற்றுருவங்கள் மெனுகி எனப்படும். கைப்பிடியின் அடியிலும் நுனியிலும் பூணும் குமிழும் உண்டு. உறையின் பக்கத்திற் செருகும் சிறு கத்தியின் பிடி கோஸுகா எனப்படும். இவையனைத்தும் விரல்களால் எடுத்தாளத்தக்க சிறு பொருள்களே. எனினும், ஜப்பானிய உலோகச் சித்திரக் கலையின் உச்சம் இச்சிறு பொருள்களிலேயே விளங்கியது.

போர்கள் மலிந்த காலத்தில் வாளணிகள் பெரும்பாலும் உறுதியையே நோக்கின. 1603ஆம் ஆண்டில் தோக்குகாவா குடியினர் ஷோகன் பதவியெய்தி, சில ஆண்டுகளில் உட்போர்களை அடக்கிய பின்னர், நாட்டில் இரண்டரை நூற்றாண்டு அமைதி நிலவிற்று. வீரர் வாளை அணிந்தனர். ஆனால் உருவும் வேளை அரிதாயிற்று. அந்நிலையில் வாள் கொலைக்கருவி என்பதினும் குலச்சின்னம் என்பதே பொருத்தமாயிற்று. அணிவோன் குடிப்பெருமையும் கல்வியும் சுவையுணர்வும் அதன் அணிகளால் விளங்கலாயின. கவசம் செய்த கொல்லருட் சிலர், கவசம் வேண்டுவோர் குறைந்தமையின், இரும்பினால் உயிர்ப்பொருள்களின் உருவங்களைச் செய்யத் தலைப்பட்டனர். மியோச்சின் முனேயாக்கி என்பார் 1713ஆம் ஆண்டிற் செய்த இரும்பு நாகம் ஒன்று தோக்கியோ தேசீயக் காட்சிச்சாலையில் உள்ளது. அதன் உடலும் கால்களும் நகங்களும் உயிருள்ளவை போல மடங்கி அசையும். போருக்கென்று பழகிய கை அமைதிக் காலத்தில் வேறு வேலை தேடிக்கொண்டமைக்கு இஃது ஓர் அழகிய எடுத்துக்காட்டு.

வாளணி செய்வோருட் பெரும்புகழ் படைத்தது கோட்டோ குடி. அதன் முதல்வர் கோட்டோ யூஜோ (1440-1512), அஷிக்காகா யோஷிமாசா என்னும் ஷோகனிடம் பணியாற்றினவர். அவர் வழியில் 17 தலைமுறை ஆட்சியாளர்க்கு வாளணி செய்து வாழ்ந்தது. கருமை நிறக் கலவையின்மேல் மீன்சினையை நிரைத்தாற்போன்ற புள்ளித்தளமும், அத்தளத்தின்மேற் புடைத்த பொன்னுருவமும் இக்குடியினர் வேலைக்கு அடையாளம். அரசவைச் சடங்குகளுக்கு இவர் செய்த அணிகளே ஏற்றவையெனக் கருதப்பட்டன. பின்னர் யொகோயா சோமின் (1670-1733) என்பார் அரசவைத் தொடர்பை நீத்து, நகர மக்களுக்காகத் தம் விருப்பின்படி செதுக்கத் தொடங்கினார். உளியை ஒரு புறம் சாய்த்துப் பிடித்து, தூரிகை ஒருகால் அழுந்தியும் ஒருகால் மெலிந்தும் செல்வது போலக் கோடிழுக்கும் முறையை அவர் சிறப்பித்தார். அவர் செதுக்கியவற்றை நோக்கின், மையிற் றோய்ந்த தூரிகை உலோகத்தின்மேல் ஓடிற்றோ என ஐயுறுவோம்.

உலோகக் கலவைகள்

இனி, இவ்வேலைக்குரிய உலோகங்களைக் கூறுவாம். ஓவியனுக்கு வண்ணங்கள் எவ்வாறோ, இத்தொழிலாளனுக்கு உலோகக் கலவைகள் அவ்வாறே. வண்ணத்தை மேலே பூசுவது இவன் வழக்கமன்று. ஒவ்வோர் உலோகத்தினுள்ளும் அடங்கிக் கிடக்கும் நிறத்தை வெளிக்கொணர்வதே இவன் தொழில்.

பொன்னும் வெள்ளியும் தத்தம் நிறத்தனவாய் நிற்கும். தூய செம்பு முறைப்படி பக்குவம் பெற்றால் ஆழ்ந்த செந்நிறம் பெறும். செம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கிற்குப் பெரும்பாலும் மிகாத பொன்னைக் கலந்து ஆக்குவது ஷகுடோ எனப்படும். உருக்கி வார்த்த நிலையில் அது செம்பினின்றும் அதிகம் வேறுபட்டுத் தோன்றாது. பக்குவம் செய்த பின்னரே நீலங்கலந்த கருமை பெறும். முதற்கண் யாம் கூறிய கருமை இதுவே. செம்பு மூன்று பங்கும் வெள்ளி ஒரு பங்கும் கூடியது ஷிபுயிச்சி. அப்பெயர்க்கு ‘நாலில் ஒன்று’ என்பது பொருள். தொழிலாளர் அவ்வளவைத் தம் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொண்டனர். அதன் நிறம் மூடுபனியினூடே தோன்றும் நிலவொளியை ஒத்த சாம்பல் நிறம். இவற்றோடு பித்தளை வகைகளும் வழங்கின.

வெவ்வேறு நிறத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, நெருப்பிற் காய்ச்சி ஒன்றுபடுத்தி, பின்னர்ச் செதுக்கியும் அடித்தும் மரத்தின் வரிகளைப்போலத் தோன்றச் செய்யும் முறையும் ஒன்றுண்டு. அதற்கு மொக்குமே எனப் பெயர். வடபகுதியாகிய அக்கித்தாவில் வாழ்ந்த ஷோவாமி தென்பே (1651-1728) என்பார் அதனைக் கண்டவர் என்பர்.

மேனாட்டு உலோக நூலார் இக்கலவைகளைக் கண்டு பெரிதும் வியந்தனர். இலண்டன் நாணயச்சாலையில் இரசாயன அறிஞராக விளங்கிய ராபர்ட்ஸ்-ஆஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றை ஆராய்ந்து சொற்பொழிவுகள் ஆற்றினார். ஓர் உலோகத்தில் மற்றொன்று மிகச் சிறிதளவு கலப்பினும் அதன் இயல்பு பெரிதும் மாறும் என்னும் உண்மையை மேனாட்டார் துலாக்கோலாலும் சோதனையாலும் நிலைநாட்டி வந்த காலம் அது. அவ்வுண்மையை ஜப்பானியத் தொழிலாளர் கண்ணாலும் கையாலும் அறிந்து நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர்.

நிறம் வருவித்தல்

வேலை முழுதும் முடிந்த பின்னரே நிறம் வருவிப்பர். முதலிற் பொருளைக் கரியாலும் நுண்பொடியாலும் தேய்த்து, எண்ணெய்ப் பசையும் விரற்சுவடும் அறவே இல்லாதவாறு தூய்மை செய்வர். பின் வெள்ளை முள்ளங்கியைத் துருவி, அதன் சாற்றில் தோய்த்து எடுப்பர். நிறம் ஓரிடத்து மிக்கும் ஓரிடத்துக் குறைந்தும் திட்டுத்திட்டாய்ப் படியாமல் எங்கும் ஒருபடித்தாய் வருதற்கு அது துணைசெய்யும். பின்னர்ச் செம்புக் கலத்தில் நீர் நிரப்பி, ரொக்குஷோ எனப்படும் பச்சைக் களிம்புப் பொடியும் மயில்துத்தமும் கரைத்துக் கொதிக்கச் செய்து, அதனுட் பொருளை அமிழ்த்தி அசைத்துக்கொண்டேயிருப்பர். இடையிடையே எடுத்துக் கழுவி நிறம் பார்ப்பர். மீண்டும் முள்ளங்கிச் சாற்றில் தோய்த்து மீண்டும் அமிழ்த்துவர்.

ஈண்டு வியக்கத்தக்கது யாதெனின், ஒரே கொதிநீரில் ஒரே வேளையில் எல்லா நிறமும் வெளிப்படுதலாம். பொன் மாறுவதில்லை, வெள்ளி வெண்மை குன்றுவதில்லை, செம்பு சிவக்கின்றது, ஷகுடோ கறுக்கின்றது, ஷிபுயிச்சி சாம்பல் நிறங்கொள்ளுகின்றது. உலோகத்தின் மேற்புறத்திலுள்ள செம்பு பிராணவாயுவோடு கூடி மிக மெல்லிய படலமாகின்றது. ஷகுடோவில் அப்படலத்தினுட் சிதறி நிற்கும் பொன் அணுக்களே செந்நிறத்தைக் கருநீலமாக மாற்றுகின்றன. ஷிபுயிச்சியில் வெள்ளி மிக்க நுண்மணிகள் வெண்மையாகவும், செம்பு மிக்க பகுதிகள் கருமையாகவும் நிற்க, இரண்டும் கலந்து நம் கண்ணுக்குச் சாம்பல் நிறமாய்த் தோன்றுகின்றன.

ஒரு சிறு தட்டில் இரவுக் காட்சி ஒன்றைச் செய்வதாகக் கொள்வோம். வானம் ஷகுடோ, திங்கள் வெள்ளி, மூடுபனி ஷிபுயிச்சி, இலையுதிர்காலத்துச் சிவந்த இலை செம்பு, அதன் மேலமர்ந்த வண்டின் கண் பொன். திங்கட்கணக்காகச் செதுக்கிப் பதிக்கும் நாளில், தொழிலாளன் கண்முன் இருப்பவை பெரும்பாலும் செம்புநிறத் துண்டுகளே. அவன் இரவையும் பனியையும் தன் மனத்திலேயே காண்கின்றான். கொதிநீரினின்று எடுத்த பின்னரே அவன் மனத்திற் கண்டது பிறர்க்கும் புலனாகும். கலவையிற் பிழை நேர்ந்திருந்தாலும், பதிப்பின் ஓரத்தில் மயிரிழை யளவு இடைவெளி இருந்தாலும், அதுவும் அப்பொழுதே வெளிப்படும்.

பதிக்கும் முறைகள்

ஓர் உலோகத்தில் மற்றோர் உலோகத்தைப் பதித்தலை ஜப்பானியர் ஸோகான் என்பர். அதனுட் பல வகை உண்டு. மூன்றை மட்டும் ஈண்டு விளக்குவாம்.

முதலாவது, சமதளப் பதிப்பு. பதிக்கவேண்டிய கோட்டின் வழியே உளியாற் பள்ளம் வெட்டுவர். அப்பள்ளம் மேல்வாய் குறுகியும் அடிப்பகுதி அகன்றும் இருக்கும். அதனுள் மெல்லிய பொற்கம்பியை வைத்துச் சுத்தியாற் றட்டினால், பொன் இளகி அடியிற் பரவிப் பள்ளத்தை நிரப்பும். வாய் குறுகியிருத்தலின் மீண்டும் வெளிவர இயலாது. பின் அரத்தால் அராவித் தளத்தோடு சமமாக்குவர். பற்றாசோ பசையோ சிறிதும் இல்லை. பள்ளத்தின் வடிவே பொன்னைப் பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, புடைப்புப் பதிப்பு. பறவை, பூ முதலிய உருவத்தைத் தனியே செதுக்கி, அதன் அடிக்கு ஒத்த குழியைத் தளத்தில் வெட்டிப் பொருத்துவர். பின் குழியின் விளிம்பைச் சிற்றுளியாற் றட்டி உள்நோக்கி மடக்கி, உருவத்தின் அடியைக் கவ்வச் செய்வர். விளிம்பு மடங்கிய சுவடும் தோன்றாவாறு தேய்ப்பது தேர்ந்தோர்க்கே இயலும்.

மூன்றாவது, நுனோமே என்னும் துணிநெசவுப் பதிப்பு. இது பெரும்பாலும் இரும்பின்மேற் செய்யப்படும். கூரிய உளியால் இரும்பின் மேற்பரப்பில் நெருங்கிய நுண்கீறல்களைக் குறுக்கும் நெடுக்கும் சாய்வுமாகக் கீறுவர். அதனால் மேற்பரப்பு துணியின் நெசவுபோலச் சொரசொரப்பாகும். அதன்மேற் பொற்றகட்டின் துண்டுகளை வைத்துத் தட்டினால், கீறல்களின் நுண்பற்கள் பொன்னைக் கடித்துக்கொள்ளும். பின் பொன் படியாத இடத்துக் கீறல்களை நீக்கி, இரும்பை வேண்டுமென்றே துருவேறச் செய்து, தேயிலை நீரிற் கொதிக்க வைப்பர். தேயிலையின் துவர்ப்பால் துரு மேலும் பரவாது நின்று கருநிறமாய் மாறும். கருநிற இரும்பின்மேற் பொன்னொளி விளங்குவதைக் கியோட்டோ நகரத்து வேலையிற் காணலாம்.

இவையன்றி, மேலே கூறிய மீன்சினைத் தளத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். நுனியிற் குழிவுடைய உளியை நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினால் ஓர் அரைக்கோளப் புள்ளி எழும். இவ்வாறு புள்ளி புள்ளியாக, வரிசை சிறிதும் கோணாமல், கண்ணால் எண்ணற்கரிய நெருக்கத்தில் தளம் முழுதும் நிரப்புவர். இதனையே வாழ்நாட்டொழிலாகக் கொண்ட தனித் தொழிலாளரும் இருந்தனர். ஓரிடத்தில் உளி வழுவின் வரிசை முழுதும் கெடும், திருத்தற்கு வழியில்லை.

1876ஆம் ஆண்டுக் கட்டளை

1868ஆம் ஆண்டில் ஷோகன் ஆட்சி ஒழிந்து, பேரரசர் மெய்ஜியின் பெயரால் புதிய ஆட்சி நிறுவப்பெற்றது. மேனாட்டுக் கல்வியும் படையமைப்பும் உடையும் விரைந்து பரவின. பழைய வீரர் குலத்தின் தனியுரிமைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. 1871ஆம் ஆண்டில் வாளணியாது செல்லலாம் என்று இசைவு தரப்பட்டது. 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், படையினரும் காவலரும் அரசவைச் சடங்கிற் கலந்துகொள்வோரும் ஒழிய ஏனையோர் எவரும் பொதுவிடத்தில் வாளணிதல் கூடாது என்று கட்டளை பிறந்தது.

அரசியல் நோக்கில் அக்கட்டளைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. இடையில் இரு வாள் செருகிய ஒருவன், வாளில்லாத குடியானவனை இழிவாக நடத்திய காலத்தை மீண்டும் வேண்டுவார் யார்? குடிகள் யாவரும் சமமாதற்கு வாள் இடையினின்றும் இறங்கவே வேண்டும். எனினும், அக்கட்டளையால் வாளணிவோர் மட்டுமன்றி, வாள் அடிப்போரும், உறை செய்வோரும், கைப்பிடிக்குக் கயிறு சுற்றுவோரும், அணி பதிப்போரும் ஒருங்கே பிழைப்பிழந்தனர். தந்தையினின்று மகனுக்கும் ஆசிரியனினின்று மாணாக்கனுக்கும் பல தலைமுறை இறங்கி வந்த அறிவு, அதனை வேண்டுவோரின்றி நின்றது. கோட்டோ குடியின் இறுதிப் பெருந்தொழிலாளரான கோட்டோ இச்சிஜோ தம் 85ஆம் அகவையில் காலமானதும் அதே 1876ஆம் ஆண்டில்தான். நல்லதொரு சீர்திருத்தமும் குற்றமற்ற பலருடைய வாழ்வைக் குலைக்கக்கூடும் என்பதனை வரலாறு படிப்போர் மறத்தலாகாது.

வாளினின்றும் பூச்சாடிக்கு

இனி அவர் யாது செய்தனர்? சிலர் தொழிலை விட்டனர். சிலர் உளியை விடாது வேறு பொருள் தேடினர். வாளின் காப்பு வட்டிற்குப் பழகிய கை, பூச்சாடியையும் தூபக்கலத்தையும் சிமிழையும் புகையிலைப் பையின் கொளுவியையும் அணி செய்யலாயிற்று.

இவருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் கானோ நட்சுவோ (1828-1898). கியோட்டோவிற் பிறந்து வாளணித் தொழில் பயின்ற அவரை, புதிய அரசியலார் புதிய நாணயங்களின் மூலவடிவங்களைச் செதுக்கும்படி வேண்டினர். வீரர்க்கு வாளணி செய்த கையே, ஒசாக்கா நகரத்தில் 1871ஆம் ஆண்டிற் றிறந்த நாணயச்சாலையின் காசுகளில் நாகவுருவம் அமைத்தது. 1889ஆம் ஆண்டிற் றொடங்கிய தோக்கியோ நுண்கலைக் கல்லூரியில் அவர் பேராசிரியரானார். 1890ஆம் ஆண்டில் பேரரசரது மனைக் கலைஞர் என்னும் பட்டம் முதன்முறை வழங்கப்பட்டபொழுது அதனைப் பெற்றோருள் அவரும் ஒருவர். குடும்பத்தினுள் மறைவாக வழங்கிவந்த அறிவு, கல்லூரி வகுப்பில் யாவரும் பயிலத்தக்க பாடமாயிற்று என்பதே அவர் வாழ்வில் யாம் சிறப்பாகக் கருதுவது.

மித்தோ நகரத்து வாளணிக் குடியினின்று வந்தவர் உன்னோ ஷோமின் (1844-1915). பழைய அரசவைக் கூத்தாகிய ரன்ரியோ-ஓ ஆடுவோனது உருவத்தைப் பல உலோகங்களால் இயற்றி 1890ஆம் ஆண்டுத் தேசீயத் தொழிற்காட்சியில் வைத்தார். ஆடையின் மடிப்பும் நெசவுப் பூவும் உலோகம் என்று நம்பற்கரியவாறு அமைந்தன. அவரும் அந்நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியரானார்.

வார்ப்பு வேலையிற் பெயர் பெற்றவர் சுஸூகி சோக்கிச்சி (1848-1919). 1893ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரத்து உலகக் கண்காட்சிக்கு, ஹயாஷி தாதமாசா என்னும் வணிகர் வேண்டியபடி, அவர் பன்னிரண்டு வேட்டைப் பருந்துகளைச் செய்து அனுப்பினார். தண்டின்மேல் அமர்ந்த அப்பறவைகளுள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒன்று சிறகு விரிக்கும். ஒன்று தலை தாழ்த்தும். ஒன்று திரும்பி நோக்கும். ஒவ்வொன்றின் இறகும் தனித்தனி நிற உலோகத்தால் வேறுபாடு பெறும். கனாஸவா நகரத்துத் தேசீயக் கைத்தொழிற் காட்சிச்சாலையில் உள்ள அவை, 2019ஆம் ஆண்டில் நாட்டின் முதன்மையான பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பெற்றன. இரும்பின்மேற் பொன் பதித்த நுனோமே வேலையிலோ, கியோட்டோவின் கொமாய் ஒட்டோஜிரோ (1842-1917) பெரும்பெயர் பெற்றார். கையகலப் பெட்டியின் மூடியில் மலை, கோயில், பாலம், நீர்த்துறை யாவும் பொன்னிழையால் விளங்குமாறு அவர் தொழிற்சாலையிற் செய்தனர்.

ஆக்கமும் கேடும்

இம்மாற்றத்திற்குப் பெருந்துணையாய் இருந்தவை மேனாட்டுக் கண்காட்சிகள். 1873ஆம் ஆண்டில் வியன்னாவிலும், 1876ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலும், 1878ஆம் ஆண்டில் பாரிஸிலும் ஜப்பானிய வேலைகளைக் கண்டோர் வியந்து வாங்கினர். வெளிநாட்டு வாணிகத்தின்பொருட்டு 1874ஆம் ஆண்டில் அரசியலாரின் ஆதரவோடு நிறுவப்பெற்ற கிரித்து கோஷோ கைஷா என்னும் கழகம் தொழிலாளரைத் திரட்டி வேலை தந்தது. 1891ஆம் ஆண்டில் அது கலைந்தது. தகாவோகா என்னும் ஊரும் இவ்வாணிகத்தாற் செழித்தது. 1611ஆம் ஆண்டில் மாயேதா தோஷிநாகா என்னும் சிற்றரசர் ஏழு வார்ப்புத் தொழிலாளரை வருவித்து அங்குக் குடியேற்றினார். பானையும் உழவுக்கருவியும் வார்த்த அவ்வூரார் வழித்தோன்றல்கள், மெய்ஜி காலத்தில் வெண்கலச் சாடிகளைக் கடல் கடந்து அனுப்பினர்.

ஆயினும், வாங்குவோன் மாறின் வேலையும் மாறும். வாளணியை வாங்கிய வீரன், அதனை நாடோறும் கையிலேந்தி நோக்குவான். ஆகலின் சிறியதும் அடக்கமுடையதும் அவனுக்கு உவந்ததாயிற்று. கடல் கடந்து வாங்கியோன், பெரிய மாளிகைக்கூடத்தில் தொலைவினின்று காணத்தக்கதை விரும்பினான். அவன்பொருட்டுச் சாடிகள் ஆளுயரம் வளர்ந்தன; நாகமும் பருந்தும் வீரனும் ஒரே கலத்தின்மேல் நெருங்கின; வெற்றிடம் குறைந்தது. விலை குறைந்த சரக்கை வேண்டினோர் பெருகியபொழுது, ஒரே அச்சில் வார்த்து மேலே சாயமிட்ட பொருள்களும் மிகுதியாகப் புறப்பட்டன. தலைசிறந்த வேலையும் தாழ்ந்த வேலையும் ஒரே கப்பலிற் சென்றன. இதனால் அக்காலத்து வேலை முழுவதையும் வெறும் ஏற்றுமதிச் சரக்கு என்று பின்னோர் நெடுங்காலம் இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி நேரியதன்று என்பது எம் கருத்து. வாங்குவோர் இல்லையெனின் அன்றே உளிகள் துருவேறியிருக்கும். தாழ்ந்த சரக்கினால் உயர்ந்த வேலைக்கும் உணவு கிடைத்தது.

20ஆம் நூற்றாண்டில் இன்னும் பல இடர்கள் வந்தன. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கம் தோக்கியோவையும் யொகோஹாமாவையும் அழித்தது. 1940ஆம் ஆண்டில் ஆடம்பரப் பொருள்கள் செய்தல் விலக்கப்பட்டது. 1941ஆம் ஆண்டிற் பிறந்த கட்டளையால் போர்க்கருவிகளின்பொருட்டு உலோகங்கள் திரட்டப்பட்டன. கோயில் மணிகளும் வெண்கலப் படிமங்களும் உருக்குலையிற் சென்றன. வாள் வழக்கொழிந்தமையாற் கலைப்பொருளாய் மாறிய உலோகம், மீண்டும் போர்க்கருவியாயிற்று.

இன்றைய நிலை

போருக்குப் பின்னர் 1950ஆம் ஆண்டில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பொருள்களை மட்டுமன்றி, அவற்றை இயற்றும் கைத்திறனையும் நாட்டின் செல்வமாகக் கருதி, அத்திறனுடையாரை அரசியலார் பெயர் குறித்துப் போற்றும் முறை 1955ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. மக்கள் அவரை ‘வாழும் தேசீயச் செல்வம்’ என்பர். உலோகச் செதுக்கு வேலைக்காக அவ்வாண்டே அச்சிறப்புப் பெற்றவர் உன்னோ கியோஷி. மேலே கூறிய உன்னோ ஷோமினின் மகனார். 1876ஆம் ஆண்டில் அறுந்து போகும் நிலையில் இருந்த சரடு அறவில்லை என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று. 2004ஆம் ஆண்டில் கனாஸவாவின் நக்ககாவா மாமொரு அச்சிறப்பைப் பெற்றார். குதிரையின் அங்கவடிகளுக்கு வெள்ளி பதித்த அவ்வூர்ப் பழந்தொழில், அவர் கையிற் புதிய வடிவங்கொண்ட சாடிகளாக விளங்குகின்றது.

மெய்ஜி காலத்துச் சிறந்த பொருள்கள் பெரும்பாலும் கடல் கடந்து சென்றமையின், ஜப்பானியர் தம் பாட்டனார் வேலையைக் காண இலண்டனுக்கும் அமெரிக்காவிற்கும் செல்லவேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் கியோட்டோவிற் றிறக்கப்பெற்ற கியோமிஸு சன்னென்ஸாகா காட்சிச்சாலை, அத்தகைய பொருள்களை மீண்டும் விலைக்கு வாங்கித் தாய்நாட்டிற் சேர்த்து வைத்துள்ளது.

இத்தகைய பொருள் ஒன்று நம் கைக்கு எட்டுமாயின், ஒன்றை உறுதியாக நினைவிற் கொள்ளல் வேண்டும். செம்பையும் பித்தளையையும் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளவெனத் துலக்குவது நம் இல்லங்களின் நல்வழக்கம். ஆனால் ஷகுடோவின் கருமையும் ஷிபுயிச்சியின் சாம்பல் நிறமும் அழுக்கல்ல. தலைமயிரின் பருமனினும் பன்மடங்கு மெல்லிய படலங்கள். ஒரு முறை துலக்கினால் இரவு வானமும் மூடுபனியும் ஒருங்கே மறைந்து, செம்புத் தகடொன்றே எஞ்சும். அறியாமையால் இவ்வாறு துலக்கிக் கெடுத்த பொருள்கள் பல. மெல்லிய உலர்ந்த துணியால் தூசு துடைத்தலே போதும். வெறுங்கையால் தொடாதிருத்தல் அதனினும் நன்று.

ஒளியைக் காட்டுவதே மதிப்பு என்று கொள்வார்க்கு இக்கருமை அழுக்காகத் தோன்றும். அதனுள்ளே பொன் இருப்பதை அறிந்தார்க்கோ அதுவே அழகாகத் தோன்றும். கல்வியின் பயன்களுள் ஒன்று இத்தகைய வேறுபாட்டை உணர்தலே எனின் அது மிகையன்று. அன்றியும், ஒரு கைத்தொழில் தன் பழம்பயனை இழந்துவிட்டது என்பதொன்றே கொண்டு அதனைக் கைவிடலாகாது என்பதனையும் இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது. வாளை விட்டவர் உளியை விடவில்லை. உளியை விடாமையாற் கலை பிழைத்தது.